ஊழியருக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்? – கேள்வி பதில்

வங்கிக் கிளை மேலாளராக டெல்டாவின் பல ஊர்களில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட வேலை செய்பவர்களுக்குச் சுயமுன்னேற்றப் புத்தகம் கொடுப்பது பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

கும்பகோணம், ஜவுளிக்கடை மேலாளர்: கடையில் நாற்பது பேர். ஸ்டீபன் கோவியின் ஏழு பழக்கங்கள் புத்தகத்தை எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம் சார். நாற்பது பேருக்கும் ஒரே அளவில் சட்டை எடுக்க மாட்டீர்கள் இல்லையா? நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அதே வருடம்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு மொத்தக் கொள்முதலாக ஒரே புத்தகத்தை வாங்கலாமா!

பில் போடுகிறவர் நாள் முழுக்க வாடிக்கையாளர் முகத்தில் விழிக்கிறார். மனிதர்களோடு பழகுவது பற்றி டேல் கார்னகி 1936-இல் எழுதியது அவருக்கு இன்றும் உதவும். குடோன் பார்ப்பவருக்கு அதைவிட எக்செல் கையேடு பிடிக்கலாம். சாப்பிடும் அறையில் ஒரு சின்ன அலமாரி வைத்து, பத்துப் பதினைந்து புத்தகம் அடுக்குங்கள். வேண்டியதை அவர்களே எடுக்கட்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். பொங்கல் கழியட்டும்.

தஞ்சாவூர், நிதி நிறுவன ஊழியர்: மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோபத்தை அடக்குவது பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். திட்டியது போலவே இருக்கிறது.

உங்களுக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. குறை இருந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: எந்த நாள், யாரிடம், என்ன வார்த்தை விழுந்தது என்று. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் புத்தகத்தை நீட்டினால், வாங்குகிறவர் ராத்திரி முழுக்க அட்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நீங்களே கேட்டுவிடுங்கள்: “சார், என்கிட்ட எதைப் பார்த்து இதைக் கொடுத்தீங்க?” பெரும்பாலும் அங்கேயே பேச்சு நேராகிவிடும்.

மேலாளர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எங்கள் கிளையில் நகைக்கடன் பார்த்த பெண், வரிசை நீண்டால் பதறிப்போவார். “எனக்கும் இந்தப் பதற்றம் உண்டும்மா, இந்த அத்தியாயம் கை கொடுத்தது” என்று அந்த இடத்தில் சீட்டு வைத்துக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு வந்து, காலையிலேயே டோக்கன் கொடுத்தால் என்ன என்று கேட்டார். கொடுத்தோம், கூட்டம் அடங்கியது. முழுப் புத்தகத்தையும் அவர் முடித்தாரா என்று நான் கேட்கவே இல்லை.

மன்னார்குடி, அரிசி ஆலை சூப்பர்வைசர்: எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் படிக்கிற பழக்கமே இல்லையே?

டீ நேரத்தில் ஒருவர் இரண்டு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். விருப்பம் உள்ளவர்கள் உட்காரட்டும். குறுவை நெல் வந்து குவிகிற சமயத்தில் நிறுத்திவிடுங்கள், அப்போது மூச்சுவிடவே நேரம் இருக்காது.

மயிலாடுதுறை, மருத்துவமனை நிர்வாகி: படித்தார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னத் தேர்வு வைக்கலாமா?

கூடவே கூடாது. வருட மதிப்பீட்டிலும் சேர்க்காதீர்கள். நைட் டியூட்டி முடித்துப் போகிற நர்ஸுக்கு வீட்டுப்பாடமா?

திருவாரூர், கடை முதலாளி: இந்த வருடம் சம்பளம் ஏற்ற முடியவில்லை. நல்ல புத்தகமாவது கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

ஐயா, இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். சம்பளத்துக்குக் கேட்டவர் கையில் புத்தகம் வந்தால் மனசு கசந்துபோகும். அதிலும் பணம் சேர்க்க வழி சொல்லும் புத்தகம் என்றால் கேட்கவே வேண்டாம். கணக்கைத் திறந்து காட்டி, எந்த மாதம் ஏற்ற முடியும் என்று முதலில் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு புத்தகம் கொடுங்கள், சந்தோஷமாக வாங்குவார்கள்.

நாகப்பட்டினம், கிளை மேலாளர்: என் ஊழியர் எனக்கே ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்கிறார். என்ன செய்வது?

உடனே வாங்கிப் படியுங்கள். பிடித்த இடம், பிடிக்காத இடம் இரண்டையும் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் கிளையில் அலமாரி வைக்கச் சரியான ஆள் அவர்தான்.