மசாஜ் வேலை என்றதும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள், அண்ணாச்சி?

பிளஸ் டூ முடித்த உங்கள் பையனை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, போன சனிக்கிழமை நீங்களும் அக்காவும் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அது வாய் வார்த்தை. இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன்: மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டவே வேண்டாம். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பையனை நான்கு வருடம் அதிலேயே உட்கார வைப்பதற்கு வயலை அடகு வைப்பது நீங்கள். பெங்களூரிலிருந்து போனில் யோசனை சொல்லும் உங்கள் மச்சான் ஒரு பைசா வைக்கப்போவதில்லை.

பக்கவாதத்தில் கிடந்த தாத்தாவுக்கு வைத்தியர் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு வருடம் எண்ணெய் தேய்த்தவன் அவன். எப்படித் தேய்ப்பாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கி, உங்கள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே சீராக அழுத்திக்கொண்டு வந்தான். அதுவரை படபடவென்று பேசிக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே அமைதியாகிவிட்டீர்கள், கவனித்தீர்களா?

பி.இ., பி.காம். பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது நர்சிங் தெரபி டிப்ளமோ, அதாவது சித்த மருத்துவ முறையில் எண்ணெய் தேய்ப்பது, அழுத்திவிடுவது போன்ற சிகிச்சைகளைச் சொல்லித்தரும் படிப்பு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் சென்னை அரும்பாக்கத்திலும் நடக்கிறது, இரண்டரை வருடம். அவன் பயாலஜி படித்திருக்கிறான், அதனால் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு எந்தப் பத்திரத்தையும் பீரோவிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. இடம் கிடைக்காவிட்டால் கேரளாவில் செறுதுருத்தியில் இருக்கும் மத்திய அரசின் பஞ்சகர்மா (ஆயுர்வேத சிகிச்சை முறை) ஆராய்ச்சி நிறுவனத்தையும் விசாரிக்கலாம்.

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம், அதாவது உடம்புக்கு வெளியே செய்யும் சிகிச்சை, 32 வகை. அதில் ஒன்றான தொக்கணம், அதாவது கையால் அழுத்தித் தேய்த்துவிடுவதுதான் இந்த வேலைக்கு அடிப்படை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதற்குள்ளேயே ஒன்பது இருக்கிறது. எங்கே எதைச் செய்யலாம் என்பதோடு எப்போது தொடவே கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல் உள்ளவரைத் தொடக்கூடாது, இன்னும் ஒட்டிச் சேராத எலும்பு முறிவில் கை வைக்கக்கூடாது. கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அங்கே அழுத்தவே கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கழுத்தைச் 'சடக்'கென்று திருப்பும் வித்தையை யூடியூபில் பார்த்துவிட்டுச் செய்தால் நானே வந்து திட்டுவேன்.

படித்து முடித்ததும் தனியாக இறங்கக்கூடாது. இரண்டு மூன்று வருடம் ஒரு சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவமனையில் கிழி (மூலிகைப் பொட்டலத்தால் ஒற்றடம்), பிழிச்சல் (சூடான தைலத்தைத் துணியால் உடம்பில் பிழிவது), தாரை (நெற்றியில் தைலத்தை ஒழுகவிடுவது) எல்லாம் கைக்குப் பழகட்டும். சம்பளம் சுமார்தான். கர்க்கடக மாதம், அதாவது நம்ம ஆடி மாதம், கேரளாவில் இதற்குக் கூட்டம் அள்ளும். அப்போது ஒரு சீசன் அங்கே வேலை பார்த்தால் நல்ல பழக்கம்.

அப்புறம் தனித்தொழில். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதுதான் சிகிச்சை மையங்களில் நடைமுறை, வீட்டுக்குப் போய்ச் செய்தாலும் அதை மாற்றக்கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருக்க வேண்டும், நோயாளியின் வீட்டார் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடவே கூடாது. ஒரு மடக்கு மேசை, துண்டுகள், தைலம், பைக்குப் பெட்ரோல், முதலீடு இவ்வளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் ஒப்புக்கொண்டால் கட்டைவிரல் மூட்டு சீக்கிரமே போய்விடும், உடம்பு எடையைச் சாய்த்து அழுத்தப் பழக வேண்டும்.

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், 'வேறு மாதிரி' சர்வீஸ் கேட்டு போன் வரும். கட் பண்ணிவிட்டு அந்த நம்பரை பிளாக் செய்ய வேண்டியதுதான். அதைவிட எனக்குப் பயம், "ஆண் மசாஜ் வேலை, தினமும் ஆயிரக்கணக்கில், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று வரும் விளம்பரங்கள்தான். வேலை தருகிறேன் என்று நம்மிடமே பணம் கேட்டால் அது மோசடி, ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கல்யாணத்துக்குப் பெண் கிடைக்குமா என்றும் மச்சான் கேட்டாராம். அவர் நம்பரை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.