குளிர்ந்து கிடக்கும் ஆட்டுக்குட்டி: முதலில் சர்க்கரை, அப்புறம் சூடு

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் நெல் வயலோடு பதினைந்து வெள்ளாடு வைத்திருக்கிறேன் ஐயா. மார்கழியில் ஓர் ஆடு ராத்திரி இரட்டைக் குட்டி போட்டது. விடிந்து பார்த்தால் ஒரு குட்டி துவண்டு, சில்லென்று கிடந்தது. சாக்கில் சுற்றி அடுப்போரம் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் தலையைப் பின்னால் வளைத்து, வலிப்பு வந்து செத்துவிட்டது. பனைவெல்லத் தண்ணீர் தரலாம் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர், "இது இன்சுலின் கோளாறு, இனிப்பே காட்டாதே" என்று தடுத்துவிட்டார். போன வருடமும் இப்படி இரண்டு குட்டி போனது. என்ன செய்வது?

பதில்: தம்பி, அந்தக் குட்டிக்கு வந்தது சர்க்கரை வியாதி இல்லை, சர்க்கரைப் பஞ்சம். பக்கத்து வீட்டுக்காரர் மனிதர்களுக்கு வரும் வியாதியை நினைத்துச் சொல்லியிருக்கிறார். இன்சுலின் என்பது கணையத்தில் சுரந்து இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சுரப்பு. அது அதிகமாகிச் சர்க்கரை இறங்குவதும் உண்டுதான். வயதான நாய்க்குக் கணையத்தில் கட்டி வந்தால் அப்படி ஆகும். சைலிட்டால் என்ற மாற்று இனிப்புப் போட்ட சர்க்கரையில்லாச் சூயிங்கத்தை நாய் தின்றாலும் அரை மணி நேரத்தில் சுருண்டு விழலாம். ஆனால் ராத்திரி பிறந்த குட்டிக்குக் கணையத்தைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அது பால் குடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியே இன்சுலின் கூடியிருந்தாலும் அந்த நேரத்துக்கு மருந்து சர்க்கரைதானே!

குட்டி பிறக்கும்போது உடம்பில் கொஞ்சம் கொழுப்பும் சர்க்கரையும் சேமிப்பாக இருக்கும். ஈரத்தோடு குளிரில் கிடந்தால் சுமார் ஐந்து மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். அதற்கப்புறம் சூடு காட்டினால் உடம்பு விழித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் சர்க்கரையையும் எரித்துவிடும். மூளைக்கு எதுவும் இருக்காது. நீங்கள் பார்த்த வலிப்பு அதுதான். வருத்தப்படாதீர்கள், தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அடுப்போரம் வைத்தே குட்டிகளைக் கொன்றிருக்கிறேன்.

மருந்துக் கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நல்ல குட்டிக்கு 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் காட்டும். 37க்கு மேல் இருந்து, தலையையும் தூக்கினால், துடைத்துச் சீம்பால் கொடுத்தாலே போதும். 37க்குக் கீழே, ஆனால் பிறந்து ஐந்து மணி நேரம் ஆகவில்லை என்றால் முதலில் சூடு, பிறகு சீம்பால். 37க்குக் கீழே, ஐந்து மணி நேரமும் தாண்டிவிட்டது என்றால்தான் ஆபத்து. அப்போது சூட்டுக்கு முன்னால் வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும்.

20 சதவீதக் குளுக்கோஸ், கிலோவுக்கு 10 மில்லி. கடையில் 50 சதவீதம் கிடைத்தால், அதில் இரண்டு பங்குக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் மூன்று பங்கு சேர்த்து, கைக்கு இதமான சூட்டில் போடுங்கள். இங்கத்திய ஒரு வீசைக் குட்டிக்கு 16 மில்லி வரும். (தாத்தா சொன்ன தமிழ்நாட்டு வீசைக் கணக்கைப் போடாதீர்கள், அது சுமார் 1.4 கிலோ; பர்மா வீசை 1.63 கிலோ.) முன்னங்கால்களைப் பிடித்துக் குட்டியைத் தொங்கவிட்டு, தொப்புளுக்கு ஓர் அங்குலம் கீழே, அரை அங்குலம் பக்கவாட்டில், ஊசி முனை வாலைப் பார்க்கும்படி சாய்த்துக் குத்த வேண்டும். படித்துவிட்டு நேரே செய்யாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், குளிர்காலம் வருவதற்கு முன்பே.

ஊசி போட்ட பிறகு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். 37 தாண்டி, தலை தூக்கியதும் சீம்பால்: வீசைக் குட்டிக்கு ஒரு வேளைக்கு 80 மில்லி. தாய்க்கு இல்லாவிட்டால் வேறு ஆட்டுச் சீம்பால், அதுவும் இல்லையென்றால் பசுவின் சீம்பால். ஐஸ்பெட்டியில் சேர்த்து வைக்கலாம்தான், ஆனால் நம் ஊர் கரண்டை நம்பி அல்ல.

பனைவெல்லத் தண்ணீரை ஈறில் விரலால் தடவலாம், தப்பில்லை. ஊற்றாதீர்கள். தலை தூக்காத குட்டி விழுங்காது, நுரையீரலுக்குள் போய்விடும்.

தாயையும் கவனியுங்கள். வயிற்றுக் குட்டி பெரும்பாலும் கடைசி ஆறு வாரத்தில்தான் வளர்கிறது. அறுவடை முடிந்து வைக்கோலை மட்டும் போட்டால் இரட்டை சுமக்கும் ஆட்டுக்குப் போதாது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுங்கள். சினை ஆடு தீனியை விட்டு, தனியாக ஒதுங்கி, மூச்சில் ஒரு தித்திப்பு வாடை வந்தால் அதற்கும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இன்று மாலையே மடியைத் தடவிப் பாருங்கள். மிச்சமிருக்கும் குட்டி ஒரு காம்பில் மட்டுமே குடித்து, மற்றப் பக்கம் கெட்டியாகச் சூடாக இருந்தால் அது மடிநோய். செத்த குட்டி பட்டினி கிடந்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.