கேள்வி நேரம்: இழுத்தால் இறுகும், கலக்கினால் ஓடும்

கேள்வி: ஏரி வற்றும் சமயத்தில் மீன் பிடிக்க இறங்கினோம். முழங்கால் வரை உளையில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியதே தவிர கால் வரவில்லை. சேற்றுக்கு ஏன் இந்தக் குணம்? ஆளையே முழுங்கிவிடுமா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: முழுங்காது, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். சேறு நம் உடம்பைவிட அடர்த்தியானது, அதனால் இடுப்பு அளவில் மிதப்பு வந்து இறங்குவது நின்றுவிடும். சினிமாவில் கைவிரல் மட்டும் வெளியே தெரிய ஆள் மறைவதெல்லாம் நடக்காத விஷயம்.

இப்போது காரணத்துக்கு வருவோம். களிமண்ணின் ஒவ்வொரு துகளும் இரண்டு மைக்ரானுக்கும் சிறிய தட்டு. மணல் மாதிரி தனித்தனியாகக் கிடக்காமல், மேலே உள்ள மின்னேற்றத்தால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் ஒட்டி, நடுவே ஏகப்பட்ட தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, சீட்டுக்கட்டு வீடு மாதிரி நிற்கும். அந்த வீடு ஓரளவு விசையைத் தாங்கும், அதுவரை சேறு திடப்பொருள்தான், கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அவ்வளவே. தாங்கும் எல்லையைத் தாண்டி அழுத்தினால் சரிந்து திரவமாக ஓடும். அமெரிக்க வேதியியலாளர் யூஜின் பிங்காம் களிமண் கரைசலை மெல்லிய குழாய்களில் ஓடவிட்டு இந்த எல்லையை அளந்து 1916-ல் எழுதினார். இன்றும் சேற்றுக்கணக்கு போடுகிறவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

உங்கள் எடை அந்த எல்லையைத் தாண்டியதால் கால் இறங்கியது. காலைச் சுற்றி இளகிய சேறு, நீங்கள் அசையாமல் நின்ற நேரத்தில் மறுபடி ஒட்டி இறுகிக்கொண்டது. அதற்குமேல் நேராக இழுத்தால் பாதத்துக்கு அடியில் இடம் காலியாக வேண்டும், அங்கே தண்ணீரோ காற்றோ போய்ச் சேர வேண்டும், ஆனால் களிமண்ணுக்குள் தண்ணீர் ஊர்ந்துதான் போகும், அதனால் அடியில் அழுத்தம் குறைந்து கால் கீழேயே உறிஞ்சப்படுகிறது. 2005-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணலும் கொஞ்சம் களிமண்ணும் உப்புநீரும் கலந்த புதைமணலைச் சோதித்தார்கள். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை வெளியே எடுக்கவே நடுத்தரக் காரைத் தூக்கும் அளவுக்கு விசை வேண்டும் என்று கணக்கு வந்தது. நண்பர்கள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் தோள்மூட்டுதான் கழன்று வரும்.

செய்ய வேண்டியது இதுதான்: பின்பக்கம் சாய்ந்து எடையைப் பரப்புங்கள், மாட்டிய காலைச் சின்னச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருங்கள், பக்கத்தில் தண்ணீர் இருந்தால் காலை ஒட்டி ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் கீழே இறங்க இறங்கப் பிடி விடும், அப்புறம் மெதுவாக, சாய்வாக எடுக்கலாம். மண் அள்ளிய குழிகள் இருக்கும் ஏரியில் தயவுசெய்து பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். சேறு முழுங்காவிட்டாலும், கால் மாட்டிய இடத்தில் தலைக்குமேல் தண்ணீர் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: ஆடி மாதம் ஆலப்புழை பக்கம் போயிருந்தேன். கரை முழுக்கக் கடல் சீறுகிறது, ஓரிடத்தில் மட்டும் அலையே இல்லை, அங்கே வள்ளங்கள் இறங்குகின்றன. எப்படி? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: நீங்கள் பார்த்தது சாகர, அதாவது கடலடிச் சேறு அலையை அடக்கிவைக்கும் இடம். புறக்காடு, அம்பலப்புழை மீனவர்கள் வருடம் முழுக்க எதிர்பார்த்திருக்கும் விஷயம். ஆழம் குறைந்த கடலில் ஒவ்வொரு அலையின் அழுத்தமும் தரை வரை எட்டும். தென்மேற்குப் பருவ அலைகள் விடாமல் அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, அடியில் கிடக்கும் சேற்றின் பிணைப்பைத் தளர்த்தி அதைக் கெட்டிக் குழம்பாக்கிவிடுகின்றன. அதன் பிறகு அலை வரும்போதெல்லாம் அந்தக் குழம்பும் சேர்ந்து அசைகிறது. தண்ணீரைவிடப் பல மடங்கு பிசுபிசுப்பானது என்பதால் அலையின் ஆற்றல் சேற்றுக்குள் உராய்வாகவே தீர்ந்துபோகிறது. அலை உடையாமலேயே அடங்கிவிடும். மழைக்காலம் முடிந்ததும் சேறு மறுபடி படிந்து இறுகும். கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய ராபர்ட் பிரிஸ்டோ இந்தச் சேற்றுத் திட்டுகளின் வரலாற்றை 1938-லேயே தொகுத்திருக்கிறார். சேறுதானே, வாரிக் கொட்டிவிட்டால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். அந்தச் சேறு இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அந்த வள்ளங்கள் கடலைப் பார்க்க முடியாது.

கேள்வி: நார்வேயில் சமதரை போலிருக்கும் நிலம் வீடுகளோடு ஏரிக்குள் வழுக்கிப் போகும் வீடியோ பார்த்தேன். நம் ஊரிலும் நடக்குமா? (வாசகர், கூடலூர்)

பதில்: அது ரிஸ்ஸா என்ற ஊர், 1978 ஏப்ரல் 29. ஒரு பண்ணையில் கட்டட வேலைக்குத் தோண்டிய சுமார் 700 கன மீட்டர் மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார்கள். கரை சரிந்தது, அதன் பின்னால் இருந்தது சரிந்தது, கடைசியில் சுமார் 33 ஹெக்டேர் நிலம் போய்விட்டது. ஒருவர் இறந்தார்.

பனியுகத்தில் கடலடியில் படிந்த களிமண் அது. மேலே இருந்த பனிப்பாளம் உருகியதும் சுமை நீங்கி நிலம் உயர்ந்து, கடலடி தரையானது. துகள்களை ஒட்டிவைத்திருந்த உப்பை மழையும் நிலத்தடி நீரும் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கழுவின. அடுக்கு அப்படியே நிற்கிறது, பிணைப்பு மட்டும் போய்விட்டது. தொந்தரவு செய்யாதவரை வீட்டைத் தாங்கும், ஒருமுறை கலைந்தால் குடத்திலிருந்து ஊற்றலாம். ஊற்றும் நிலையில் இருப்பதில் கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்கினால் உடனே கெட்டியாகிவிடும், அதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

நம் ஊரில் அந்தக் களிமண் இல்லை, அதற்குப் பனிப்பாளம் இருந்த நாடாக இருக்க வேண்டும். நார்வே, ஸ்வீடன், கனடாவின் கியூபெக் எல்லாம் அந்த வகை. நீலகிரிச் சரிவுகள் வேறு, அங்கே மழையில் ஊறிய மலைமண் சரிகிறது. நார்வேயில் 2020 டிசம்பர் 30 அன்று யெர்ட்ரும் பகுதியில் மறுபடி நடந்து பத்துப் பேர் இறந்தார்கள். அந்த முறை யாரும் மண் கொட்டவில்லை. கீழே ஓடிய சிறு ஓடை கரையை வருடக்கணக்கில் அரித்ததுதான் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது.