பணம் முடிந்த பிறகு வரும் கட்டுரைகள்

கேள்வி: பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நிதியுதவியில் நடக்கும் நாற்பது ப்ராஜெக்ட்டுகள் என் பொறுப்பில். நிதி கொடுத்த நிறுவனம் ஒன்று, தங்கள் பணத்தில் வெளிவந்த கட்டுரைகள் எவை என்று கேட்கிறது. பேராசிரியர்கள் தந்த பட்டியல்களில் ஒரே கட்டுரை மூன்று ப்ராஜெக்ட்டுகளில் வருகிறது. யாரை நம்புவது?

பதில்: மூன்று இடத்தில் வந்ததாலேயே ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கருவி வாங்கியது ஒரு ப்ராஜெக்ட்டில், ஆய்வு மாணவரின் உதவித்தொகை இன்னொன்றில் என்றால் இரண்டிலும் அந்தக் கட்டுரையைக் காட்டலாம். பல்கலைக்கழகத்தின் மொத்தக் கணக்கில் அதை மூன்றாக எண்ணினால்தான் தப்பு.

நீங்கள் பார்க்க வேண்டியது கட்டுரையின் கடைசியில் இருக்கும் நன்றியுரை. அங்கே நிதி நிறுவனத்தின் பெயரும், ப்ராஜெக்ட்டுக்கு அது கொடுத்த ஒப்புதல் எண்ணும் இருந்தால் பிரச்சினையே இல்லை. எண் இல்லாமல் வெறும் நன்றி மட்டும் இருந்தால் முதன்மை ஆய்வாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்றுமே இல்லை, ஆனால் வேலை அந்தப் பணத்தில்தான் நடந்தது என்றால், திருத்தம் வெளியிடும்படி அவர் ஜர்னலுக்கு எழுதலாம். அறிக்கைக்குக் கட்டுரை குறைகிறதே என்று சம்பந்தமில்லாததை இழுத்துச் சேர்க்க மட்டும் விடாதீர்கள். அந்த ஆசை எல்லாருக்கும் வரும்.

அப்புறம் உங்கள் எக்ஸெல். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வரி போட்டு, ஒரே கட்டத்துக்குள் எல்லாத் தலைப்புகளையும் அடைத்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ப்ராஜெக்ட்டுகளுக்கு ஒரு ஷீட், கட்டுரைகளுக்கு ஒன்று, எந்தக் கட்டுரை எந்த ப்ராஜெக்ட்டுக்கு என்று சொல்ல மூன்றாவதாக ஒன்று வையுங்கள். கட்டுரைக்கு அடையாளம் தலைப்பு அல்ல, டிஓஐ (DOI) எண்; வெளியாகும் கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர இணைய அடையாளம் அது. ஜர்னலில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடும் முன்பதிப்புக்கு (preprint) ஒரு டிஓஐ, ஜர்னலில் வந்ததற்கு வேறு டிஓஐ இருக்கும்; இரண்டையும் குறித்துக்கொண்டு ஒன்றாக எண்ணுங்கள். ஆளுக்கு அடையாளம் ஆர்கிட் (ORCID) எண்; ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியாக இருப்பது. ஒருவரே ஒரு கட்டுரையில் இனிஷியலோடும் இன்னொன்றில் முழுப்பெயரோடும் இருப்பார். 2012இல் வந்த இந்த 16 இலக்க எண் அந்தக் குழப்பத்துக்குத்தான். டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் (Crossref) தளத்தில் 2013 முதல் பதிப்பகங்கள் நிதி விவரத்தையும் பதிகின்றன, இலவசமாகத் தேடலாம். எல்லாப் பதிப்பகங்களும் ஒழுங்காகப் பதிவதில்லை என்பதால் அதை மட்டுமே நம்ப முடியாது.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வருட ப்ராஜெக்ட்டின் நல்ல கட்டுரைகள் பெரும்பாலும் பணம் முடிந்த பிறகுதான் வெளிவரும். அதற்குள் கணக்குப் பிரிவு ஃபைலை மூடியிருக்கும், மாணவரும் வேறு ஊருக்குப் போயிருப்பார். கணக்கை மூடட்டும், கட்டுரைப் பட்டியலை இன்னும் இரண்டு வருடமாவது திறந்தே வையுங்கள். புது ப்ராஜெக்ட்டுக்கு ஒப்புதல் கடிதம் வந்த அன்றே, நன்றியுரையில் போட வேண்டிய வாக்கியத்தை ஒப்புதல் எண்ணோடு எழுதி, ஆய்வாளருக்கும் மாணவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் வேலை அநேகமாக மாணவர் தலையில்தான் விழும்.

சரி, இப்போதைக்கு அந்த நிறுவனத்துக்கு இரண்டு பட்டியல் அனுப்புங்கள்: எண்ணோடு உறுதியானவை, சரிபார்ப்பில் இருப்பவை. இரண்டாவதற்கு ஒரு தேதியும் சொல்லிவிடுங்கள்.