பிரிட்டனில் கார் வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கும்? புதுக் கார் எடுக்கலாமா, ஓடின காரா?

வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு பிரிட்டன் வருகிறேன், மாதத் தவணையில் புதுக் கார் எடுப்பதா, ஓடின காரைக் கையில் காசு கொடுத்து வாங்குவதா, அங்கே ரோடும் மனிதர்களும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் வளர்ந்து, கோவென்ட்ரியில் வேலை பார்த்து, இப்போது அங்கேயே ஓய்வில் இருப்பவன். சின்ன வயதிலிருந்தே கார் என்றால் எனக்கு உயிர். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஓடின காரையே வாங்குங்கள். ஆனால் நேரில் போய்ப் பார்ப்பதற்கு முன்பே அந்த வண்டியின் எம்ஓடி சரித்திரத்தைப் படித்துவிடுங்கள்.

எம்ஓடி என்பது இங்கே கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயப் பரிசோதனை. 1960-ல் பத்து வயதான வண்டிகளுக்கென்று ஆரம்பித்தது, 1967-ல் மூன்று வயதுக்கு வந்து நின்றது. இங்கிலாந்தில் இன்றும் அதே கணக்குதான். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, பல கராஜ்களில் அதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், விளக்கு, புகை, அடிப்பாகத் துரு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் ஃபெயில். எஞ்சினின் உள்நிலை, கிளட்ச், கியர்பாக்ஸ் இதில் சேராது. அவற்றை நீங்கள் ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லாமே ஊரறிய இருப்பது. அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட் எண்ணைத் தட்டினால் பழைய சோதனைகள் வரிசையாக வந்து நிற்கும். எப்போது பாஸ், எதற்காக ஃபெயில், அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல் என்று ஒளிவு மறைவே கிடையாது. காசும் கிடையாது. பாஸ், ஃபெயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். அதற்குக் கீழே ‘அட்வைசரி’ என்று சில வரிகள் இருக்கும். இப்போதைக்குப் பாஸ், ஆனால் கவனித்துக்கொள் என்று சோதித்தவர் எழுதிவைத்த குறிப்பு அது. ஒரு வருடம் ‘பின் பிரேக் பைப்பில் லேசான துரு’ என்று இருக்கும். அடுத்த வருடமும் அதே வரி. அதற்கடுத்த வருடம் அதே பைப்புக்காக ஃபெயில். சட்டம் கழுத்தைப் பிடிக்கும் வரை அந்தக் காரின் சொந்தக்காரர் பையில் கையை விட்டுக் காசு எடுக்கவில்லை என்று அர்த்தம். ஆயில் மாற்றுவதிலும் அப்படித்தான் இருந்திருப்பார். அந்தக் காரை விட்டுவிடுங்கள். மாறாக, ஒரு வருடம் வந்த குறிப்பு மறு வருடம் காணாமல் போயிருந்தால், அது பார்த்துப் பார்த்து வைத்திருந்த கை. வருடம் 9,000 மைல் ஓடிய வண்டி திடீரென்று ஒரு வருடம் 800 மைல்தான் ஓடியிருக்கிறதென்றால், ஏன் சும்மா நின்றது என்று விற்பவரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

இன்னொன்று. சில நகராட்சிகள் தங்கள் வண்டிகளுக்காக வைத்திருக்கும் எம்ஓடி நிலையத்தில் பொதுமக்களின் கார்களையும் சோதிக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே ரிப்பேர் வேலை எடுப்பதில்லை. குறை கண்டுபிடித்தால் அவர்களுக்கு லாபமும் இல்லை, மறைத்தாலும் இல்லை. நான் அங்கேதான் போவேன்.

துருவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் ரோடு உறையாமலிருக்க லாரி லாரியாகப் பாறை உப்பைத் தூவுவார்கள். அது காரின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு இரும்பை அரிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்தை விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிரும். வாங்கப் போகும்போது முட்டி போட்டு அங்கே பாருங்கள். வாங்கிய பிறகு, குளிர் விட்டதும் ஒரு நாள் குழாயை அடியில் விட்டு நன்றாக அடித்துக் கழுவுங்கள்.

2023-ல் முதல் எம்ஓடியை மூன்று வருடத்திலிருந்து நான்காகத் தள்ளிப்போடலாமா என்று அரசே யோசனை கேட்டது. மக்களுக்குச் செலவு மிச்சம் என்றார்கள். எதிர்ப்பு வலுவாக இருந்ததால் 2024 ஜனவரியில் அதைக் கைவிட்டார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. மூன்று வருடத்தில் டயரும் பிரேக்கும் தேய்வது சர்வசாதாரணம். ஓட்டுகிறவருக்கு அது தெரிவதில்லை, அவர் தினம் தினம் அதே காரில்தானே உட்காருகிறார்.

என்னிடம் ஒரு 1970 டிரயம்ஃப் ஹெரால்டு இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இந்தக் கார் அந்நியமல்ல. வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்டு கம்பெனி இதைத்தான் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று செய்தது, பின்னாளில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தும் விட்டது. அதன் பிறந்த வீடு கோவென்ட்ரியின் கேன்லி. இரண்டு ஊரிலும் வாழ்ந்த எனக்கு இந்தக் கார் மேல் ஒட்டுதல் வந்ததில் ஆச்சரியமில்லை. முன்பக்கத் தகடு மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நாற்பது வயது தாண்டிவிட்டதால் இதற்குச் சாலை வரி இல்லை, லண்டனின் புகைக் கட்டணமும் இல்லை. 2018-லிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் எம்ஓடியும் தேவையில்லை.

இந்தக் கடைசிச் சலுகையை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு வருடமும் நானாகவே கொண்டுபோய்ச் சோதித்து வருகிறேன். ஹெரால்டின் முன் சக்கரம் கீழ்ப்பக்கம் ‘ட்ரனியன்’ என்ற பித்தளை உறுப்பில் திருகிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கிரீஸ் போடக் கூடாது, கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். விடாமல் போனால் உள்ளே இழை துருப்பிடித்து, ஒரு நாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ரோட்டில் அது எனக்கு மட்டும் ஆபத்தில்லை, எதிரே வருகிறவருக்கும்தான். பழைய காரை நேசிப்பவர் யாராக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை இன்னொரு ஜோடிக் கண்ணுக்குக் காட்டியாக வேண்டும். இந்தச் சலுகையை அரசு திரும்பப் பெற்றால் முதலில் கை தட்டுவது நான்.

மாதத் தவணை விஷயம். இங்கே புதுக் கார் வாங்கும் பலரும் மூன்று நான்கு வருடம் கட்டிவிட்டு, முடிவில் பெரிய தொகை ஒன்றைக் கட்டினால்தான் கார் சொந்தம் என்ற திட்டத்தில்தான் எடுக்கிறார்கள். கட்ட முடியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தவணையில் ஏறுகிறார்கள். வந்த புதிதில் அந்தப் பாரம் உங்களுக்கு வேண்டாம்.

மின்சாரக் கார் நல்லதா என்றால், வீட்டு வாசலில் காரை நிறுத்த இடம் இருந்தால் நல்லது. வீட்டு மின்சாரத்துக்கு வரி 5 சதவீதம், பொது இடத்தில் சார்ஜ் போட்டால் 20 சதவீதம். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் குடியிருந்து தெருவோரம் நிறுத்துகிறவர் அதே மின்சாரத்துக்கு நான்கு மடங்கு வரி கட்டுகிறார். இடவசதி இல்லாதவரிடம் அதிகம் பிடுங்கும் இந்த ஏற்பாடு அநியாயம் என்று என் தொகுதி எம்.பி.க்கே எழுதியிருக்கிறேன்.

ரோட்டு மனிதர்களைப் பற்றி நல்லபடியாகவே சொல்ல முடியும். தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் பக்கம் போனால் இருபுறமும் ஆள் உயர வேலி, நடுவில் ஒரே ஒரு கார் போகும் பாதை. எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுப்பார். கடந்து போகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கி நன்றி சொல்லாமல் போக மாட்டார். நீங்களும் தூக்குங்கள், மறந்தால் அதைத்தான் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். ஹாரன் அடிப்பதைக் கோபம் என்றே புரிந்துகொள்வார்கள். 2022-ல் சாலை விதிகளைத் திருத்தியதிலிருந்து, தெருமுனையில் கடக்கக் காத்து நிற்பவருக்கும் திரும்புகிற கார் வழிவிட வேண்டும். இதை நான் மனதார வரவேற்கிறேன்.

வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து குடியிருப்புத் தெருக்களில் 20 மைல்தான் வேகம். நாலரை லட்சத்துக்கும் மேல் ஆட்கள் எதிர்த்து மனுப் போட்டார்கள். கார்ப்பிரியன்தான் என்றாலும் நான் அந்தப் பக்கம் இல்லை. பிள்ளைகள் விளையாடும் தெருவில் 20 போதும். வீடே இல்லாத அகலமான ரோடுகளுக்கு மட்டும் பழையபடி 30 கொடுத்துவிடலாம்.

குழிகள்தான் வேதனை. விரிசலில் இறங்கிய மழைத்தண்ணீர் உறைந்து விரிந்து ரோட்டைப் பெயர்க்கிறது, மேலே ஒட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அடுத்த குளிரில் மறுபடியும் அதே இடம். குழியைப் பார்த்தால் உடனே நகராட்சி இணையதளத்தில் புகார் போடுங்கள். தெரிந்தும் சரிசெய்யவில்லை என்று பதிவு இருந்தால் ரிம் வளைந்தவர் இழப்பீடு கேட்க வலுவான வழி பிறக்கும். இல்லாவிட்டால், ஒழுங்காகப் பார்வையிட்டுத்தான் வந்தோம் என்று நகராட்சி தப்பித்துக்கொள்ளலாம்.

கடைசியாக லைசென்ஸ். உங்கள் இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் முடித்தாக வேண்டும். பல ஊர்களில் ஓட்டுத் தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. அதனால் வந்த கையோடு பழகுபவருக்கான புரொவிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டு, அப்புறம் கார் தேடுங்கள்.