ஆசிரியர் பதில்கள்: பாதி வசனத்தில் ஒரு படம்

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெடியள் வாசிகசாலைக்கு ஒரு புறொஜெக்ரர் வாங்கித் தந்திருக்கிறார்கள். முதல் படமாக விஜயகாந்தின் 'சட்டம் ஒரு இருட்டறை'யைப் போடலாம் என்றார் என் அப்பா. அதற்கு முன் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். பார்த்து முடிய வீட்டில் பெரிய வாக்குவாதம். உயர்தரம் படிக்கும் மகன், "சண்டையெல்லாம் பள்ளிக்கூட நாடகம் மாதிரிக் கிடக்கு" என்று சிரிக்கிறான். அயலில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்ரர், "இந்தப் படங்கள்தான் எங்கட பிள்ளையளைத் துவக்குத் தூக்க வைச்சது" என்கிறார். அப்பாவோ, "இப்பவும் இப்படி ஒருத்தன் வரவேணும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மாள் என்ன கோடு கச்சேரி எண்டு திரிஞ்சவவே? எரிச்சாவெல்லோ!" என்கிறார். யார் சொல்வது சரி? படத்தைப் போடலாமா?

ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: போடுங்கள். ஆனால் உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் மூவர் பக்கமும் என்னால் நிற்க முடியவில்லை. அதிலும் அப்பாவின் பக்கம் நிற்க முடியாததுதான் எனக்கு வருத்தம். அவருடைய மனது எனக்கு நன்றாக விளங்கும்.

மகன் சிரிப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். 1981 இல் பெரிய முதல் இல்லாமல் எடுத்த படம் அது. விஜயகாந்த் அன்று பெயர்பெற்ற நடிகர் அல்ல. அந்தப் படம்தான் அவரை நிமிர்த்தியது. ஒன்றை மட்டும் அவனுக்குச் சொல்லுங்கள். எஸ். ஏ. சந்திரசேகரன் எடுத்த இந்தக் கதையை அதே ஆண்டில் சிரஞ்சீவியை வைத்துத் தெலுங்கிலும், 1982 இல் சங்கர் நாகை வைத்துக் கன்னடத்திலும் எடுத்தார்கள். 1983 இல் ஹிந்திக்குப் போனபோது அதுவே ரஜினிகாந்தின் முதல் ஹிந்திப் படம். சண்டை மட்டும் ஒரு கதையை இத்தனை மொழிக்குக் கொண்டுபோகாது. தகப்பனையும் சகோதரியையும் கொன்ற மூன்று பேர் வெளியே நடமாடுகிறார்கள், சட்டம் அவர்களைத் தொடவில்லை. இந்த ஒரு வரிக்குச் செலவு தேவையில்லை. எந்த ஊரிலும் கேட்பவன் நிமிர்ந்து உட்காருவான்.

நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஏற்றி வருவார்கள். கோயில் திருவிழா என்றால் விடிய விடிய மூன்று படம். பாயோ சாக்கோ அவரவர் கொண்டுவர வேண்டும். படம் நடுவில் கோடு கோடாக ஓடும்போது டெக்காரர் எழும்பிப் போய்த் திருகுவார். அதுவரைக்கும் அந்த முகங்கள் நீலமாக நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்துக்குள்ளும் விஜயகாந்த் கையை ஓங்கினால் பின்வரிசைவரை விசில் பறக்கும். பொலிஸ் அதிகாரியான மற்றச் சகோதரி, சட்டத்தாலேயே அவர்களைப் பிடிப்பேன் என்று நிற்கும்போது எவரும் கைதட்டியதாக எனக்கு நினைவில்லை.

ஏன் தட்டவில்லை என்பதற்கு எங்களிடம் காரணம் இருந்தது. படம் வந்த அதே 1981 இல்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் தடுப்பில் வைத்துக் கொடுக்கப்பட்ட வாக்குமூலத்தையே கோட்டில் சான்றாக ஏற்கச் சொன்னது. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் இரண்டு நாள்களில் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இப்படி இருந்த மண்ணில், சட்டம் ஒரு இருட்டறை என்று தலைப்பு வைத்த படத்துக்குச் சனம் விசிலடித்தது என்றால் அது சினிமாப் பைத்தியத்தால் அல்ல.

மாஸ்ரருக்கு நான் சொல்ல வேண்டியதும் இதுதான், கொஞ்சம் கடுமையாகவே. எங்கள் பிள்ளைகள் கசெற் பார்த்துத் துவக்குத் தூக்கினார்கள் என்று சொல்லாதீர்கள். மெட்ராஸில் இதே படத்தை நூறு மடங்கு பேர் பார்த்தார்கள். அங்கே எவனும் காட்டுக்குப் போகவில்லை. வகுப்பில் உங்கள் முன்னால் இருந்த பிள்ளைகள் அவர்கள். பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் சுற்றிவளைப்பும் வெலிக்கடையும் செய்த வேலையை ஒரு சினிமாக்காரனின் தலையில் கட்டினால், செய்தவர்களை நாங்களே விடுதலை செய்துவிடுகிறோம். செத்த பிள்ளைகளையும் படம் பார்த்துக் கெட்டவர்கள் ஆக்கிவிடுகிறோம். அதை என்னால் பொறுக்க முடியாது.

இனி அப்பாவுக்கு.

ஐயா, அந்தத் தலைப்பு அந்தப் படத்தின் சொந்தச் சொத்து அல்ல. சட்டத்தை இருட்டறை என்று சொன்னவர் அண்ணாத்துரை, 'வேலைக்காரி'யில் வருவது. சொன்ன அதே வாயால், வக்கீலின் வாதம் அந்த அறையில் ஒரு விளக்கு என்றும், அது ஏழைக்கு எட்டாத விளக்கு என்றும் சொன்னார். அண்ணா அழுதது விளக்கு எட்டவில்லை என்று. படம் இருட்டறையைத் தலைப்பில் எழுதிவிட்டு, விளக்கை வாசலோடு விட்டுவிட்டு வந்தது. எனக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள பிணக்கு முழுவதும் அந்த விட்டுப்போன பாதியில்தான் இருக்கிறது.

வற்றாப்பளை அம்மாளையும் அப்படிப் பாதியில் எடுக்காதீர்கள். எரித்தது உண்மை. எரிப்பதற்கு முன்னால் எங்கே போனாள்? கோட்டுக்குத்தான் போனாள். மற்றச் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரச சபைக்குப் போய், எல்லோருக்கும் முன்னால் உடைத்துக் காட்டினாள். பரல் மாணிக்கமா முத்தா என்று பார்த்த பிறகு அரசனே தன் பிழையை ஒப்புக்கொண்டு விழுந்தான். சாட்சி, விசாரணை, தீர்ப்பு மூன்றும் முடிந்த பிறகுதான் நெருப்பு. உண்மையில் அந்தக் கதையில் விசாரியாமல் ஆளைக் கொன்றது யார்? பாண்டியன். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, கேள்விமுறை இல்லாமல் கோவலனை வெட்டச் சொன்னவன். நீங்கள் வரவேண்டும் என்று கேட்கும் ஆள் கண்ணகியின் பக்கத்து ஆள் அல்ல, ஐயா.

இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு வசதி இருக்கிறது. கொலை நடப்பதை எங்களுக்குக் காட்டிவிடுகிறார்கள். செய்தவன் முகம் எங்களுக்குத் தெரியும். பிறகு கதாநாயகன் எவனை அடித்தாலும் ஆள் மாறாது. வாழ்க்கையில் அந்த முதல் றீலை எவருக்கும் காட்டுவதில்லை.

1984 இல் முத்தையன்கட்டில் எங்கள் வாய்க்கால் பக்கத்துக் காணியில் ஓர் இறைப்பு மெசின் காணாமற் போனது. வெங்காயம் வாடும் நேரம். மெசின் போனால் அந்தப் போகமே போனதுதான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து எங்கள் பகுதியில் கூலிக்கு நின்ற ஒருவரைப் பிடித்தார்கள். முதல் நாள் அந்தக் காணிப் பக்கமாகப் போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அவர் வேலைக்குப் போகும் வழியே அதுதான். மருதமரத்தோடு கட்டினார்கள். எனக்குப் பதினைந்து வயது. மாட்டுக் கயிறு எடுத்துக் கொடுத்தவன் நான். அடித்தவர்களில் ஒருவர், படத்தில் வரும் வசனத்தைச் சொல்லிச் சொல்லி அடித்தார். நாலாம் நாள் மெசின் வந்தது. சொந்தக்காரரின் மச்சான், சொல்லாமல் கொள்ளாமல் தன் தோட்டத்துக்கு எடுத்துப் போயிருந்தார். அடிவாங்கிய மனிதர் மனுசி பிள்ளைகளோடு அதற்கு முதலே ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கே போனார்கள் என்று எவரும் தேடவில்லை. மச்சானை எவரும் மரத்தில் கட்டவில்லை.

கவனியுங்கள், ஊர் கையை ஓங்கும்போது அது மூன்று பெரிய வில்லன்கள்மேல் விழுவதில்லை. ஆளில்லாதவன்மேல்தான் விழுகிறது. பிறகு வந்த ஆண்டுகளில் வடக்கின் சந்திகளில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் அட்டை தொங்கியது. அதில் குற்றம் எழுதியிருந்தது. சாட்சி எழுதியிருக்கவில்லை.

அமெரிக்காவில் இதே வகைக்குப் பெயர்பெற்ற படம் 1974 இல் வந்த 'டெத் விஷ்'. அதன் மூலக் கதையை 1972 இல் நாவலாக எழுதிய பிரயன் கார்ஃபீல்ட், தன் கதையைக் கொண்டே படம் தனியாள் தண்டனையைப் போற்றிவிட்டது என்று மனம் நொந்தார். 1975 இல் அதற்கு மறுப்பாகவே இன்னொரு நாவல் எழுதினார். கதையைப் பெற்றவனே பயந்த கதை அது.

அப்படியென்றால் கோடே கதி என்று நம்பச் சொல்கிறீர்களா என்று அப்பா கேட்பார். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. நான் ஒரு வழக்கை மட்டும் நினைவூட்டுகிறேன். 2015 மே மாதம் புங்குடுதீவில் ஒரு பாடசாலை மாணவி கொல்லப்பட்டபோது வடக்கு முழுவதும் கொதித்தது. யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்துக்கே கல் விழுந்தது. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. ஆள்களை எங்களிடம் தாருங்கள் என்று நானும் மனதுக்குள் கேட்டவன்தான். மூன்று நீதிபதிகள் இருந்து விசாரித்து 2017 செப்ரெம்பர் 27 ஆம் திகதி தீர்ப்புச் சொன்னார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது பேரில் ஏழு பேருக்கு மரண தண்டனை. இரண்டு பேர் விடுதலை. அந்த இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். 2015 இல் எங்கள் கோபத்திடம் ஒன்பது பேரையும் ஒப்படைத்திருந்தால், அந்த இருவரையும் நாங்கள் எந்தக் கையால் திருப்பிக் கொடுத்திருப்போம்?

இன்னொரு பக்கம், விளக்கு எட்டாத இடம் எது என்பதும் எனக்குத் தெரியும். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் வந்து இருந்த தாய்மாரைக் கேளுங்கள். தங்கள் பிள்ளைகளை இராணுவத்திடம் கையளித்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்களில் பலர். முதல் றீலைப் பார்த்தவர்கள் இந்த நாட்டில் எவராவது இருந்தால் அவர்கள்தான். அவர்களுக்குக்கூடப் பதில் வரவில்லை. ஆனாலும் அவர்கள் ஒருவர் கழுத்தையும் கேட்கவில்லை. பிள்ளை எங்கே, யார் கொண்டுபோனது, விசாரித்துச் சொல் என்றுதான் கேட்கிறார்கள். கண்ணகி சிலம்போடு போனதுபோல் அவர்கள் படத்தோடு போகிறார்கள். வெயிலிலும் மழையிலும் இருந்தவர்களில் பலர் கேள்வியோடேயே செத்துப்போனார்கள். அநியாயத்தைக் கண்டு பொறுக்காதவன் என்று நாம் கொண்டாட வேண்டியவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி ஒரு படம், செலவில்லாமல் எடுத்தாலும் பரவாயில்லை, சண்டை பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, எங்கள் பெடியளில் ஒருவன் எடுத்தால் நான் பாயோடு முதல் வரிசையில் இருப்பேன்.

ஆகவே படத்தைப் போடுங்கள். அப்பா விசிலடிக்கட்டும், அது அவருடைய இளமைக்காலம். ஆனால் படம் முடிந்த கையோடு லைற்றைப் போட்டுவிட்டு எல்லோரையும் அரை மணித்தியாலம் இருக்கச் சொல்லுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் பேசினால் ஒரு சட்டத்தரணியை அனுப்பி வைக்கக்கூடும்; முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கேளுங்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்து வைக்க வேண்டும், கைது செய்தால் காரணம் கேட்கலாம், வக்கீல் வைக்கப் பணமில்லாதவன் எங்கே போகலாம். இவ்வளவையும் சனத்துக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அண்ணா அழுத அந்த எட்டாத விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கும் வேலை அது. மாஸ்ரரைத் தலைமை தாங்கக் கேளுங்கள். அவருக்குப் பேசத் தெரியும், இன்னும் பேச நிறைய இருக்கிறது. கேள்விகளை உங்கள் மகன் எழுதி எடுக்கட்டும்.

எழுதியதை எனக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அதற்கென்று ஒதுக்கி வைக்கிறேன்.