கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லாதபோது: வாங்குவோர் கேள்வி-பதில்

வீட்டில் தனியாக, டைமர் வைத்துத் தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்கிறவர்களின் கடிதங்களுக்கு இந்த முறை பதில் தருகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என்னிடம் கேமரா இருக்கிறது. ட்ரைபாட், ரிமோட், ரிங் லைட் மூன்றும் அடங்கிய தொகுப்பு தள்ளுபடியில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரிமோட் செய்யும் வேலையின் பெரும்பகுதியை உங்கள் கேமராவில் ஏற்கெனவே உள்ள டைமர் செய்துவிடும். பகலில் ஜன்னலோரம் கிடைக்கிற வெளிச்சத்தை அந்தச் சிறிய விளக்கால் தர முடியாது. மிஞ்சுவது ட்ரைபாட்; இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் மிக மட்டமாக இருப்பதும் அதுதான். முதலில் கேமராவை அலமாரித் தட்டில் வைத்துச் சில நாள் படமெடுத்துப் பாருங்கள். எது இல்லாமல் வேலை நடக்கவில்லை என்று தெரிகிறதோ, அதை மட்டும் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: பத்து விநாடி டைமர் வைத்து ஓடிப் போய் நிற்கிறேன். படத்தில் பின்சுவர் தெளிவாக இருக்கிறது, நான் மங்கலாக இருக்கிறேன். விலை கூடிய லென்ஸ் வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: சரியாகாது. புதிய லென்ஸும் அதே சுவரைத்தான் இன்னும் தெளிவாக எடுத்துத் தரும். பல கேமராக்களில் ஷட்டர் பொத்தானை அழுத்தும்போதே ஃபோகஸ் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் லென்ஸுக்கு முன்னால் இல்லை. நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஓர் உயரமான விளக்கை வைத்து, அதன்மேல் ஃபோகஸ் செய்து, பிறகு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். விளக்கை எடுத்த இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அதன்மேல் நில்லுங்கள். அப்பெர்ச்சரையும், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவையும் கவனியுங்கள் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்): ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார் கொண்டது) 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 2 மீட்டர் தொலைவில் நின்றால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 17 செ.மீ. மட்டுமே என்பதால், அரை அடி முன்னால் சாய்ந்தாலே கண்கள் மங்கிவிடும். எஃப் 5.6-இல் அந்த ஆழம் அரை மீட்டரைத் தாண்டுகிறது. ஒரே டைமரில் தொடர்ந்து பல படங்கள் எடுக்கும் வசதி இருக்கிறதா என்றும் மெனுவில் தேடுங்கள். ஒரு படத்தில் கண் மூடிவிட்டது என்பதற்காக மறுபடி ஓட வேண்டியிருக்காது.

கேள்வி: 5 கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்ட ட்ரைபாட் வாங்கினேன். கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோகூட இல்லை. ஆனாலும் டைமர் முடிவதற்குள் கேமரா தலைகுனிந்துவிடுகிறது. நான் ஏதாவது தவறு செய்கிறேனா?

பதில்: உங்கள் மீது தவறு இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இது என் நெடுநாள் மனக்குறை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ட்ரைபாட் தாங்கும் எடையை எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு, தயாரிப்பாளர்கள் எல்லாரும் கட்டுப்பட்டு நடக்கும் பொது முறை எதுவும் இல்லை. கால்கள் முறியாமல் சுமக்கும் எடையை ஒருவர் அச்சிடுகிறார், தலைப்பகுதி சரியாமல் பிடித்து நிற்கும் எடையை இன்னொருவர் அச்சிடுகிறார். வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி கிலோக் கணக்காகத்தான் தெரிகின்றன. கேமராவுக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது கை தன்னை அறியாமலே போய்த் தாங்கிக்கொள்வதால் இந்தக் குறை மறைந்துவிடுகிறது. டைமரை அழுத்திவிட்டு நகர்கிறவருக்குத்தான் அது முழுதாகத் தெரியவருகிறது. நானும் அப்படி ஒன்றை வாங்கியிருந்தேன். கைப்பிடியை இறுக்கிவிட்டுப் போய் நின்றால், டைமரின் சிவப்பு விளக்கு மினுங்க மினுங்க லென்ஸின் முனை மயிரிழை மயிரிழையாக இறங்கும். படத்தில் கழுத்துக்குக் கீழேதான் இருப்பேன். இன்னும் சற்று இறுக்கியதும் பிளாஸ்டிக் திருகின் மரை தேய்ந்து சுழல ஆரம்பித்தது. அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள் என்று சொல்லி, விற்றவர் அதைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். தன் பொருளின் பலவீனத்தை வாங்கியவரின் குற்றமாக மாற்றும் இந்தப் பழக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஆகவே பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல், உங்கள் கேமராவையே கடைக்குக் கொண்டுபோங்கள். உங்களிடம் உள்ளவற்றில் கனமான லென்ஸை மாட்டி, கேமராவைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்டி, எதிரே உள்ள ஏதாவது ஒரு புள்ளியைத் திரையின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் அந்தப் புள்ளி நகர்ந்திருந்தால் அந்த ட்ரைபாட் உங்களுக்கு வேண்டாம். நடுத்தண்டை உயர்த்தினால் ஆட்டம் கூடும் என்பதால், அதை உயர்த்தாமலே தேவையான உயரம் வருகிறதா என்று பாருங்கள். கேமராவின் அடியில் திருகி ட்ரைபாட் தலையில் பூட்டும் தகடு தனியாக விலைக்குக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கேமராவின் அடியில் இருக்கும் 1/4 அங்குலத் திருகுத்துளை ஏறக்குறைய எல்லாக் கேமராக்களுக்கும் பொது. தகடு அப்படி அன்று, மாற்றுத் தகடு கிடைக்காவிட்டால் முழு ட்ரைபாடும் வீண். இப்போது உங்களிடம் உள்ளதைப் பொறுத்தவரை, கேமரா தலைகுனிவதைக் காணொளியாக எடுத்து, 5 கிலோ என்று அச்சிட்ட பெட்டியின் படத்தையும் சேர்த்து விற்றவருக்கு அனுப்பி, எழுத்து மூலமாகப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தொலைபேசியில் பேசிப் பொழுதைப் போக்காதீர்கள்.

கேள்வி: புதிய கேமராவின் திரை முன்பக்கம் திரும்பாது என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன். திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: முடியாது. வாங்குமுன் ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும் விஷயத்துக்கு விற்றவர் பொறுப்பாக மாட்டார். கேமராவில் வைஃபை இருந்தால், நிறுவனத்தின் செயலியை ஃபோனில் ஏற்றி, அதன் திரையில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வேகமாக நடக்க முடியாது. டைமருக்கு ஈடுகொடுக்க முடியாமல், எல்லாக் கேமராக்களுக்கும் பொருந்தும் என்ற விளம்பரத்தை நம்பி ரிமோட் வாங்கினேன். என் கேமராவில் அது வேலை செய்யவில்லை. உறையைப் பிரித்துவிட்டதால் பணம் தர மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: படித்ததும் மனம் வருந்தினேன். எல்லாக் கேமராக்களுக்கும் பொருந்தும் ரிமோட் என்று ஒன்று கிடையாது. அகச்சிவப்பு ரிமோட்டுக்குக் கேமராவில் அதற்கான ஏற்பி இருக்க வேண்டும். கம்பி ரிமோட்டின் முனை நிறுவனத்துக்கு நிறுவனம், ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல்கூட மாறும். ப்ளூடூத் ரிமோட் குறிப்பிட்ட மாடல்களோடு மட்டுமே இணையும். பொருந்துகிறதா என்று பார்க்க உறையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் வலியுறுத்துகின்றன. விளம்பரத்தை மாற்றிவிடுவதற்குள் இன்றே அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, விற்றவருக்கு எழுதுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடுங்கள். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம். அதுவரை, குறித்த இடைவெளியில் தானாகவே படமெடுத்துக்கொண்டே இருக்கும் இன்டர்வல் வசதி உங்கள் கேமராவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு முறை அழுத்திவிட்டு நாற்காலியில் நிதானமாக அமர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: ரிங் லைட்டின் வட்டம் மூக்குக்கண்ணாடியில் தெரிகிறது. வேறு விளக்கு வாங்கலாமா?

பதில்: விளக்கைக் கண் மட்டத்துக்கு மேலே உயர்த்தி, ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஃபோன் செல்ஃபியில் மூக்கு பெரிதாக விழுகிறது. முகத்தைத் திருத்தும் செயலிக்குச் சந்தா கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். 2018-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வின் கணக்குப்படி, 30 செ.மீ. தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது, 1.5 மீட்டரில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஃபோனிலேயே டைமர் இருக்கிறது. ஃபோனை எங்காவது சாய்த்து வைத்து, அந்தத் தொலைவுக்குத் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கப் போகிறேன். டைமர் நெம்புகோலை மட்டும் தொடக் கூடாது என்கிறார் விற்பவர். சந்தேகப்படலாமா?

பதில்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் அமைந்த பழைய கேமராக்களில் டைமர் என்பது கடிகாரம் போன்ற சிறு பல்சக்கரங்களின் தொகுதி. எண்ணெய் காய்ந்துபோய் அது பாதியில் நின்றால் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆனால் இயக்கிப் பார்க்க முடியாத டைமருக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை. டைமர் இல்லாத கேமராவாகவே கணக்கிட்டுப் பேரம் பேசுங்கள். ஷட்டரை எல்லா வேகங்களிலும் இயக்கிப் பாருங்கள். கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்த உதவும் கம்பி) மாட்டும் திருகுத்துளை கெடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நன்றாக இருந்தால், ரப்பர் குமிழும் சில மீட்டர் நீளக் காற்றுக்குழாயும் கொண்ட ரிலீஸை அதில் மாட்டி, குமிழைக் காலுக்கடியில் வைத்து அழுத்தியே படமெடுக்கலாம்.